சல்லடை பிரித்த பிறகு

தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இப்போதெல்லாம் அடிக்கடி விழுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "தம்பி, உந்த ஏஐ எண்டுறது மனிசன்ர மூளைக்கு ஈடாகுமோ?" மன்னார்த் தீவின் பேசாலையில் இதைக் கேட்பவர் பெரும்பாலும் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த வயதான சம்மாட்டியார் ஒருவராக இருப்பார். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார்கள். அவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்தால் அவர் விடமாட்டார். எனக்கும் அப்படி முடிக்க மனம் வராது. பிளேன்டீ வருவதற்குள் அவரை நூற்றிருபது வருடம் பின்னுக்கு, முத்துக்குளிப்பைச் சலாபம் என்று சொன்ன காலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இயந்திரத்தின் வேலையையும் மனிதரின் வேலையையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் அதுதான்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று நீளும் கரைக்கு எதிரே, கடலுக்கடியில் சேவல்பார், பெரியபார் போன்ற, முத்துச்சிப்பி விளைகிற பார்கள் கிடக்கின்றன. சலாபம் திறக்கிற வருடத்தில் வெறும் மணல்வெளியில் ஓலைக் கொட்டில்களாலேயே ஒரு பட்டினம் எழும்பிவிடும். கீழக்கரை வணிகர், செட்டிமார், வளைகுடாப் பக்கமிருந்து வந்த அரபுக்காரர், கள்ளுக்கடைக்காரர், களவெடுக்க வந்தவர் எல்லோரும் இருப்பார்கள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வருமானம். சிப்பியை அப்படியே அழுகவிட்டு, புழு தின்ற மிச்சத்தைக் கழுவி, அடியில் தங்குகிற முத்தைப் பொறுக்குவார்கள். பொறுக்கிய பிறகுதான் நமக்கு வேண்டிய கட்டம் வருகிறது. அந்தக் குவியலுக்கு விலை போட வேண்டும்.

முதலில் பித்தளைச் சல்லடைகள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரிப் பத்து. மேல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசிச் சல்லடையில் 1000 துளை இருக்கும். துளை கூடக்கூட ஓட்டை சிறுக்கும். குலுக்கினால் பெரிய முத்து மேலே நிற்கும், சின்னது இறங்கும். அளவு பிரிந்தாயிற்று.

அடுத்தது கண். ஒவ்வொரு சல்லடையில் நின்ற முத்தையும் துணியில் பரப்பி, தரம் பிரிப்பவர் விரலால் உருட்டிப் பார்ப்பார். உருட்சியும் ஒளியும் இரண்டும் குறையாதது ஆணி. அதற்குக் கீழே ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயர். ஒட்டிப் பிறந்ததும் உருவம் கெட்டதும் குறவல், மடிந்து வளைந்தது மடங்கு, இப்படியே இறங்கி, பொடிப்பொடியாகக் கிடப்பது தூள். கடைசியாக நிறுவை. கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, நல்ல முத்துக்குச் செவ்வு என்ற கணக்கைப் போடுவார்கள். அந்தக் கணக்கின் குணம் என்னவென்றால், ஒரு முத்தின் எடை இரண்டு மடங்கானால் செவ்வு நாலு மடங்காகும். பெரிய முத்து அபூர்வம் என்பதைக் கணக்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

"இப்ப சொல்லுங்கோ சம்மாட்டியார், இந்த மூண்டு வேலையில எது மூளை வேலை?"

சல்லடைக்கு மூளை வேண்டாம் என்று அவர் உடனே தள்ளிவிடுவார். செவ்வைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பார். ஒரு காலத்தில் மனக்கணக்காய்ச் செவ்வு போடுகிறவன் கெட்டிக்காரன். இன்று அதை மலிந்த போன்கூடக் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். ஆனால் கண்ணை அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். "கண் மனிசன்ர, தம்பி. அது மெசினுக்கு வராது."

பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னர் கணினி விஞ்ஞானிகள் பலரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பார்கள். காரணம் இலேசானது. கணினிக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அப்போது பெரும்பாலும் அந்த வேலையின் விதியை எழுதித்தர வேண்டியிருந்தது. முத்துத் தரம் பிரிப்பவரிடம் போய் ஆணிக்கும் அதற்கு அடுத்த தரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "பார்த்தால் தெரியும்" என்பார். பார்த்தால் தெரிவதை விதியாக எழுத முடியாது. அங்கேதான் அரை நூற்றாண்டாக வண்டி நின்றது.

வண்டியைத் தள்ளியவர்களில் சிலர் சம்மாட்டியாரின் மகன் இருக்கிற அதே ரொறன்ரோவில்தான் இருந்தார்கள். 2012இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர் இருவரும் விதி எழுதுவதை விட்டுவிட்டு, படங்களை அடையாளம் காணும் வேலைக்கு வேறு வழியைப் பிடித்துக் காட்டினார்கள். வழி அதற்கு முன்பே தெரிந்ததுதான். அதை அந்த அளவில் ஓடவைக்கப் போதிய படங்களும் வேகமான சில்லுகளும் அப்போதுதான் கிடைத்தன. அந்தத் துறையில் செய்த அடிப்படை வேலைக்காக ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசின் பாதி கிடைத்தது.

அதை முத்திலேயே சொல்கிறேன். ஆயிரக்கணக்கான முத்துகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தரம் பிரிப்பவர் சொன்ன பெயரை எழுதிவிடுகிறோம். இயந்திரத்துக்குள் இலட்சக்கணக்கான எண்கள், குத்துமதிப்பாக நிரப்பியவை. முதல் முத்தைக் காட்டினால் அது வாயில் வந்ததைச் சொல்லும். "குறவல்" என்கிறது, சரியான பதில் "ஆணி". உடனே, எந்தெந்த எண்ணைக் கூட்டினால், எதைக் குறைத்தால் பதில் ஆணிப் பக்கம் ஒரு மயிரிழை நகரும் என்று கணக்குப் பார்த்து, எல்லா எண்ணையும் மிகச் சிறிய அளவில் திருத்துகிறார்கள். அடுத்த முத்து, மறுபடி திருத்தம். இலட்சம் தடவை, கோடி தடவை. கடைசியில் அந்த எண்களுக்குள், எவரும் எழுதித்தராத, எவராலும் வாசிக்கவும் முடியாத ஒரு "பார்த்தால் தெரியும்" வந்து குந்திக்கொள்கிறது. வளர்ப்பு முத்துப் பெருகிக் கிடக்கிற சீனாவில், முத்தைப் பல கோணத்தில் படமெடுத்து இப்படித் தரம் பிரிக்கலாம் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள்.

"அப்ப கண்ணும் போச்சு எண்டுறீர்."

போய்விட்டது. அதை மழுப்பிப் பயனில்லை. மனித மனத்துக்கென்று ஒரு வேலியைப் போட்டு, இதற்கப்பால் இயந்திரம் வராது என்று சொன்னவர்கள் எல்லோரும் வேலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தபடிதான் இருக்கிறார்கள். 1997இல் சதுரங்கத்தில் கஸ்பரோவ் தோற்றார். 2016இல் கோ விளையாட்டில் லீ செடோல் தோற்றார். 2025 ஜூலையில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் ஆறு கணக்கில் ஐந்தைக் கூகிளின் இயந்திரம் தங்கப் பதக்கத் தரத்தில் செய்து முடித்தது. (சதுரங்கம் அதனால் செத்துப்போகவில்லை. சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியனானது 2024இல்தான்.) அந்தக் கணக்கில் ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியாது. வாங்கிலில் இருந்த ஒருவராலும் முடியாது. அப்படியானால் ஈடாகிவிட்டது என்று சொல்லலாமா?

பேச்சைப் பார்ப்போம். ஏனென்றால் மக்களைத் திடுக்கிட வைத்தது பேச்சுத்தான். 1950இல் அலன் டியூரிங் என்ற ஆங்கிலேயக் கணிதர் இந்தக் கேள்வியை ஒரு விளையாட்டாக மாற்றினார். திரைக்குப் பின்னால் இருந்து எழுத்தில் பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்று கேட்பவரால் பிரிக்க முடியாவிட்டால், இயந்திரம் சிந்திக்குமா என்ற வாதத்தை அதோடு விட்டுவிடலாம் என்பது அவர் நிலைப்பாடு. (டியூரிங்கின் தகப்பனார் சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரி, தாய்வழிப் பாட்டனார் மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியியலாளர். நம் பக்கத்து வெயில் அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை.) சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் திகதி வெளியானபோது, அந்த விளையாட்டை விளையாட உலகமே வரிசையில் நின்றது.

அந்தப் பேச்சியந்திரமும் முத்தைப் பார்த்த அதே வழியில் படித்ததுதான். படத்துக்குப் பதில் எழுத்து. ஒரு வாக்கியத்தின் முன்பாதியைக் காட்டி அடுத்த சொல் எது என்று கேட்கிறார்கள். "சோளகம் கிளம்பினால் தென்கரையில் கடல்..." பிழையாகச் சொன்னால் எண்களைத் திருத்துகிறார்கள். இப்படியே இணையத்தில் கிடைக்கிற எழுத்து எல்லாம். மெட்டா நிறுவனத்தின் லாமா 3 படித்தது 15 இலட்சம் கோடிச் சொற்துண்டு. அடுத்த சொல்லைச் சரியாக ஊகிக்க வேண்டுமென்றால் சும்மா இலக்கணம் தெரிந்தால் போதாது. காற்றைத் தெரிய வேண்டும், கரையைத் தெரிய வேண்டும், எழுதினவர் கோபமாக இருக்கிறாரா கேலியாக இருக்கிறாரா என்றும் தெரிய வேண்டும். அந்தத் தெரிதலில் ஒரு பகுதி அந்த எண்களுக்குள் வந்துவிடுகிறது. வெறும் கிளிப்பிள்ளை என்று தள்ளுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் அது வருவது எழுத்தில் இருக்கிற அளவுக்குத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சலாபத்தில் இன்னொரு காட்சி. லெனார்ட் வுல்ஃப் என்ற இளம் அதிகாரி 1906இல் மரிச்சுக்கட்டியில் வேலைபார்த்தார். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபைப் பின்னால் மணந்தவர். வள்ளங்கள் பின்னேரம் கரைக்கு வந்ததும் சிப்பியெல்லாம் கொட்டு என்ற வேலியடைத்த கொட்டகைக்குள் வரும். முத்துக் குளித்தவர்களே அதை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பிறகு அதிகாரி வந்து, எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்று காட்டுவார். மிஞ்சிய குவியல் குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் மிஞ்சும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே பிரிக்கிறவர் தன் நன்மைக்காகவே மூன்றையும் ஒரே அளவாகப் பிரிப்பார். நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான சிப்பி வருகிற இடத்தில், எண்ணுகிற ஆளைக் குறைத்து, ஏமாற்றுகிற ஆசையையும் குறைத்துவிட்ட ஏற்பாடு இது. யாருடைய மூளையில் உதித்ததோ, எதிரே நிற்பவன் என்ன நினைப்பான் என்பதைத் தெரிந்த மூளை.

இதே சிக்கலை இன்று ஓர் இயந்திரத்திடம் கொடுங்கள். இந்தத் தீர்வைச் சொல்லிவிடும். தானாகக் கண்டதா, எங்கேயோ படித்ததா என்று நாம் கேட்கலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் தாமாகக் கண்டதை மட்டும் பேசுகிறோம்? இந்த இடத்தில் இயந்திரத்தை மட்டந்தட்டுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

மனித மனத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவதும் சரியில்லை. அதற்கும் சலாபமே சாட்சி. 1902இல் ஹேர்ட்மன் என்ற லிவர்பூல் பேராசிரியரை இலங்கை அரசாங்கம் வரவழைத்தது. அவர் பார்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை ஐந்து பெரிய தொகுதிகளாக ரோயல் சொசைட்டி வெளியீடாக வந்தது. அந்தக் காலத்தில் ஒரு கடலடித்தளத்துக்கு அவ்வளவு விஞ்ஞானம் கிடைத்தது அபூர்வம். 1903 தொடங்கி வருடாவருடம் சலாபமும் நடந்தது. அள்ள அள்ளச் சிப்பி. அதைப் பார்த்து 1906இல் லண்டனில் ஒரு கம்பனி எழும்பி, பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907இல் ஒரு சலாபம், அதுவும் முந்தியவற்றைவிட மெலிந்தது. அதோடு பார்கள் வறண்டன. கம்பனி கலைந்துபோயிற்று. 1925 வரைக்கும் சலாபமே இல்லை. 1837க்கும் 1855க்கும் இடையிலும், 1891க்கும் 1903க்கும் இடையிலும் இதே பார்கள் இப்படியே வெறித்துக் கிடந்தது அரசாங்கத்தின் சொந்த ஏட்டிலேயே இருந்தது. அண்மையில் கண்ட மூன்று நாலு நல்ல வருடத்தை வைத்து அடுத்த இருபதையும் ஊகித்தார்கள். இயந்திரங்கள் இன்று செய்கிற பிழையும் இதே சாதிதான். கற்றது எதுவோ அதையே உலகம் என்று நம்பிவிடுவது. அந்த வகையில் ஈடு எப்போதோ வந்துவிட்டது.

சம்மாட்டியார் இதற்குச் சிரிப்பார். பிறகு போனை எடுக்கச் சொல்வார். "அதிட்டயே கேப்பம்."

கேட்டோம், தமிழில். மன்னார்த் தீவில் சோளகக் காலத்தில் எந்தக் கரையில் தொழில் செய்யலாம்? பதில் அழகாக வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை ஓரளவு அமைதியாக இருக்கும், வாடைக்காலத்தில் இது மாறும் என்று. சரிதான். கரை மாறி வாடி போட்டே பழகிய சனத்துக்கு இது பாலபாடம், ஆனாலும் சரிதான். "அப்ப நாளைக்குக் காலமை வலை விடலாமோ எண்டு கேளும்." வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்து, பாதுகாப்பாக நடந்துகொள்ளும்படி பணிவோடு சொல்லிற்று.

"இதை ரேடியோவே சொல்லுது. இதுக்கு இவ்வளவு படிப்போ?"

நான் அவரை மடக்கப் பார்த்தேன். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். தண்ணியின் நிறம் என்றார். மிதவை எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு இழுபடுது என்றார். ஆலா எங்கே விழுந்து எழும்புது என்றார். பிறகு வாயைத் திறந்து, மூடினார். "மிச்சம் சொல்லத் தெரியாது தம்பி. பார்த்தாத் தெரியும்."

முத்துத் தரம் பிரித்தவர் சொன்னதையே சொல்கிறார். ஆனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சொல்லத் தெரியாத அறிவு இயந்திரத்துக்கு வரவே வராது என்று இனி நாம் சொல்ல முடியாது. முத்தில் வந்துவிட்டதே. முப்பது வருடம் இந்த மனிதர் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் அவருடைய வள்ளத்தில் ஒரு கமரா இருந்து, அவர் எங்கே வலை விட்டார், எத்தனை கிலோ பட்டது, எந்த நாளில் போகாமல் நின்றார் என்று யாராவது எழுதி வைத்திருந்தால், இயந்திரம் அதையும் படித்திருக்கும். ஒருவரும் எழுதவில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் செய்மதி கண்ட கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் வைத்து மீன்படு இடங்களை ஊகித்து, அக்கரையில் இராமேஸ்வரத்தாருக்குத் தமிழிலேயே அறிவிக்கிறது. நல்ல வேலை. ஆனால் அது மேலே நின்று பார்த்தது. வள்ளத்தில் நின்று பார்த்தது எங்கேயும் பதிவாகவில்லை.

எனவே ஈடாகுமா என்ற கேள்விக்கு முன்னால், யாருடைய மூளைக்கு என்று ஒரு கேள்வி நிற்கிறது. இணையத்திலிருந்து திரட்டி இந்த இயந்திரங்களுக்கு ஊட்டுகிற எழுத்தில் ஆங்கிலம் ஏறக்குறைய பாதி. தமிழ் நூற்றில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்தத் துளித் தமிழிலும் சினிமாச் செய்தியும் அரசியலும் போக, கடல் எவ்வளவு? கடலிலும் மன்னார்க் கடல் எவ்வளவு? நியூயோர்க் வழக்கறிஞர் ஒருவரின் மூளைக்கு இந்த இயந்திரம் கிட்ட வந்திருக்கிறது என்றால் நம்புகிறேன். அவர் மூளையில் ஓடுவதில் பெரும்பகுதி எழுத்தில் கிடக்கிறது. பேசாலைச் சம்மாட்டியாரின் மூளைக்குக் கிட்ட அது வரவில்லை. அவர் அதிமேதை என்பதால் வந்த வித்தியாசமில்லை இது. அவரை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அதையும் விட முடியாது. கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி ஐந்து பத்துப் பாகம் இறங்கி, ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குகிறவனுக்குச் சுறாவைப் பற்றிய பயம் அறிவின் ஒரு பகுதி. சுறாவின் வாயைக் கட்டுகிற கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் சொல்லாவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அதனால் மந்திரத்தை நம்பாத வெள்ளைக்கார அரசாங்கமும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. இயந்திரத்துக்கு அடக்க மூச்சு இல்லை. கிழிந்த வலையைப் பொத்துகிற விரலும் இன்னும் சரியாக இல்லை. கணித ஒலிம்பியாட்டில் வெல்கிற காலத்தில், நனைந்த நைலோன் சிக்கை எடுக்கிற இயந்திரக் கை கடையில் கிடைப்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மூளைக்கு வேண்டிய மின்சாரம் சுமார் 20 வாட். பழைய மங்கல் பல்பு அளவு. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட். ஒன்று முழு வேகத்தில் சுற்றினால் 1,72,500 மூளைக்குப் போதும். மன்னார் மாவட்டத்துச் சனம் ஒன்றேகால் இலட்சம் என்று வைத்தாலும், குழந்தை குட்டி, கிழவன் கிழவி எல்லோருடைய மூளையையும் அந்த ஒற்றைக் காற்றாடி ஓட்டி, மிச்சமும் வரும். பெரிய ஏஐ இயந்திரங்களைப் பயிற்றுவிக்க அமெரிக்காவில் இப்போது எழும்புகிற தரவு நிலையங்களில் ஒன்றுக்கே பல நூறு மெகாவாட் வேண்டும். தம்பபவனி முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அத்தனையும் கொடுத்து, 15 இலட்சம் கோடிச் சொற்துண்டையும் ஊட்டி எடுக்கிற பேச்சை, பத்து வயதுப் பிள்ளை பத்துக் கோடிச் சொல்லைக்கூடக் கேட்காமலே, சோறும் மீனும் தின்றே பேசிவிடுகிறது. அந்தப் பிள்ளை அதை எப்படிச் செய்கிறது என்பது இன்றைக்கும் விஞ்ஞானத்தின் பெரிய கேள்விகளில் ஒன்று. விளைவில் ஈடு வருவது வேறு, வழியில் ஈடு வருவது வேறு. வழியில் கிட்டவும் இல்லை.

காற்றாடி என்றதும் சம்மாட்டியாரின் முகம் மாறும். மன்னார், வலசைப் பறவைகளின் பாதை. வடதுருவப் பக்கம் குஞ்சு பொரிக்கிற கடற்புறாக்கள் இங்கே வந்துதான் மாரியைக் கழிக்கின்றன. ஆகவே கூட்டமாகப் பறவை வந்தால் கண்டு, காற்றாடியை நிறுத்த ராடார் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மனிதக் கண் இருட்டில் காணாததை ராடார் காணும், அதற்கு நித்திரையும் வராது. இது இயந்திரத்துக்கே உரிய வேலை, அதனிடமே விடலாம். ஆனால் 2025இல் மன்னார்ச் சனம் புதிய காற்றாடிகள் வேண்டாம் என்று தெருவில் நின்றபோது கேட்டது வேறு கேள்வி. வெள்ளம் வடிகிற நிலம், பனங்காணி, கரைவலை இழுக்கிற கரை, இதற்குள் அது எங்கே நிற்கலாம், யார் முடிவு செய்வது? இயந்திரத்திடம் கேட்டால் ஆதரவாகவும் எழுதும், எதிராகவும் எழுதும், இரண்டும் நன்றாக இருக்கும். அடுத்த மாரியில் முற்றத்துக்குள் தண்ணீர் வந்தால் அதற்கு ஒன்றுமில்லை. காசுக்கு இரண்டு பக்கமும் எழுதித்தருகிற மனிதர்களும் உண்டுதான். ஆனால் அவர்களை வீடு தேடிப் போய்க் கேள்வி கேட்கலாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், தேத்தண்ணியும் முடிகிறது. எழுத்தில் இருக்கிற, படத்தில் இருக்கிற, எண்ணிக்கையில் இருக்கிற மனித அறிவுக்கு இயந்திரம் துண்டு துண்டாக ஈடாகிறது, சில துண்டில் மிஞ்சிவிட்டது. முழு மனிதருக்கு இன்று ஈடாகாது. ஒருபோதும் ஆகாது என்று சத்தியம் பண்ண நான் ஆளில்லை. அப்படிப் பண்ணியவர்களின் கதி மேலே கிடக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. சலாபத்தில் குளித்தவனுக்கு மூன்றில் ஒரு குவியலாவது கிடைத்தது. காலனி அரசாங்கம், இரக்கம் பார்க்காத அரசாங்கம், அதுகூட அவன் மூச்சுக்கு ஒரு குவியலை விட்டுவைத்தது. இந்த இயந்திரங்கள் தின்ற எழுத்தை எழுதியவர்களில் பெரும்பாலோருக்குக் குவியலே இல்லை, அவர்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இதைச் சட்டமாகக் கேட்க வேண்டிய காலம் இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுத்தாளரும் பத்திரிகைகளும் நீதிமன்றம் ஏறிவிட்டார்கள். நம்மிடம் கேட்பதற்கே இன்னும் எழுத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை.

பாடசாலைப் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை வீடுகளில் எழுபது எண்பது வயதில் இருப்பவர்களிடம் போய் இருங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் சொல்கிற பெயர், வலையின் உறுப்புகள், எந்த மாதம் எந்த மீன் எந்தக் கரை, அவர்களுடைய பாட்டன் சலாபத்தைப் பற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் அவர்களுடைய பேச்சிலேயே பதிந்து, திகதியும் இடமும் போட்டு எழுதி வையுங்கள். இணையத்தில் போட்டால் இயந்திரமும் எடுக்கும். எடுத்துக்கொண்டு போகட்டும், குவியலைப் பிறகு கேட்போம். எழுதாமல் விட்டால் அதற்கும் கிடைக்காது, உங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்காது.